ஆணுறை போட்டும் சிறுநீர் எரிச்சல் நிற்கவில்லை: மெடிக்கலா, லேபா, தோல் டாக்டரா, யூராலஜிஸ்டா?

"ஆணுறை போட்டுத்தான் உறவு வைத்துக்கொண்டேன். கிழியவும் இல்லை, நழுவவும் இல்லை. ஆனால் நாலைந்து நாளாகச் சிறுநீர் போகும்போது எரிகிறது, போய் முடித்த பிறகும் சொட்டு மிச்சம் இருக்கிற மாதிரியே இருக்கிறது. எச்ஐவியாக இருக்குமோ?"

ஆண்கள், பெண்கள், கல்யாணமானவர்கள், ஆகாதவர்கள் என்று எல்லோரும் கேட்கிற கேள்வி இது. கேட்பவர்கள் அடுத்துச் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. தெருமுனை மெடிக்கலில் ஐந்து நாள் மாத்திரை வாங்கி விழுங்குவார்கள், இல்லையென்றால் விடிய விடியப் போனில் தேடிவிட்டுக் காலையில் பெரிய பேக்கேஜ் டெஸ்ட் ஒன்றுக்குப் பணம் கட்டுவார்கள். இரண்டுமே சில நேரம் சரிதான், பல நேரம் தப்பு. எது எப்போது சரி என்பதைப் பார்க்கலாம். நான் டாக்டர் இல்லை, லேப் கவுன்ட்டருக்கு உள்பக்கம் நின்று பார்க்கிறவன். அதனால் சாம்பிள் விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

## முதலில் எச்ஐவி பயத்தைத் தனியாக எடுத்து வைப்போம்

சிறுநீர் எரிச்சல் எச்ஐவியின் அடையாளம் இல்லை. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஆணுறை சரியாக இருந்தது என்றால் அந்த ஆபத்து மிகவும் குறைவு. எரிச்சலுக்கு மருந்து தேடுவதும் எச்ஐவி பயத்தைத் தீர்ப்பதும் இரண்டு தனி வேலைகள், இரண்டையும் ஒரே டெஸ்டில் முடிக்கப் பார்த்தால் இரண்டுமே முடியாது. மனசு கேட்கவில்லை என்றால் நான்காம் தலைமுறை எச்ஐவி டெஸ்டை (கிருமியின் புரதத்தையும் அதற்கு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளையும் சேர்த்துப் பார்ப்பது) 45 நாள் கழித்து எடுங்கள், அது நெகட்டிவ் என்றால் போதும். வேறு வகை ரேபிட் டெஸ்ட் என்றால் மூன்று மாதம் ஆன பிறகு எடுப்பதுதான் முடிவானது. உறவு முடிந்த மூன்றாம் நாளே எடுத்து நெகட்டிவ் என்று வருகிற ரிப்போர்ட்டுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஆணுறை கிழிந்துவிட்டது அல்லது உள்ளேயே நழுவிவிட்டது, இன்னும் 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் எச்ஐவி தடுப்பு மாத்திரை வேண்டும் என்று கேளுங்கள். 28 நாள் சாப்பிட வேண்டியது, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

## எதை வைத்து ஒப்பிடுவது?

டாக்டர் ஃபீஸ் எவ்வளவு என்பது கடைசிக் கேள்வி. அதற்கு முன்னால் நாலு இருக்கிறது.

ஒன்று, இந்த வழி உண்மையான காரணத்தைக் காட்டுமா, இல்லை எரிச்சலை மட்டும் அடக்குமா. இரண்டு, அடுத்து எடுக்க வேண்டிய டெஸ்டை இது கெடுத்துவிடுமா (இதை யாரும் யோசிப்பதே இல்லை). மூன்று, ரகசியம் எவ்வளவு காக்கப்படும். நாலு, இதற்குப் பிறகும் பயம் தீருமா, இல்லை புதுப் பயம் ஒன்று முளைக்குமா.

உங்களைப் பற்றியும் மூன்று விவரம் தெரிந்திருக்க வேண்டும்: எத்தனை நாளாக, சீழ் மாதிரி ஏதாவது வடிகிறதா, ஆணுறை இல்லாமல் நடந்தது ஏதாவது உண்டா. மூன்றாவதற்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். "ஆணுறை போட்டேன்" என்று சொல்கிற பலர் வாய்வழி உறவைக் கணக்கில் சேர்ப்பதில்லை, பாதியில் எடுத்துப் போட்டதையும் சேர்ப்பதில்லை. கொனோரியா என்கிற பால்வினை நோய் வாய்வழியாகவும் தொற்றும். ஹெர்பிஸ், சிபிலிஸ் இரண்டும் ஆணுறை மூடாத தோலில் இருந்தும் வரலாம்.

## ஆணுறை போட்டும் ஏன் எரிகிறது?

மறுநாளே எரிச்சல், நுனியில் சிவப்பு, அரிப்பு, வேறு எதுவும் இல்லை என்றால் ரப்பரோ, வழவழப்புக்குப் போட்ட ஜெல்லோ, வாசனை ஃபிளேவரோ தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். பயத்தில் டெட்டால் கலந்த தண்ணீரில் கழுவியவர்கள் தனிக் கட்சி. அங்கே இருக்கிற மெல்லிய தோலுக்கு டெட்டால் ஆகவே ஆகாது, எரிச்சலை நாமே செய்துகொள்வதுதான் அது.

பெண்களுக்கு வேறு கணக்கு. சிறுநீர் வெளியேறும் குழாய் ஆணுக்கு 20 சென்டிமீட்டர் அளவு, பெண்ணுக்கு 4தான். உறவின்போது ஆசனவாய்ப் பக்கம் இருக்கிற ஈ.கோலை கிருமி உள்ளே தள்ளப்படும், ஆணுறை அதைத் தடுக்காது. விந்தணுக் கொல்லி தடவிய ஆணுறை என்றால் இன்னும் மோசம், அது பிறப்புறுப்பில் இருக்கிற நல்ல கிருமிகளையும் அழித்துவிட்டு ஈ.கோலைக்கு இடம் விடுகிறது. புதிதாகக் கல்யாணம் ஆன பெண்களுக்கு நீர்க்கடுப்பு வருவது பெரும்பாலும் இதனால்தான், யார் நடத்தைக்கும் அதில் சம்பந்தமில்லை. வீட்டில் பெரியவர்கள் சூடு என்று சொல்லிவிடுவார்கள், அது பரவாயில்லை. கணவர் சந்தேகப்படுவதுதான் கொடுமை.

பால்வினைத் தொற்றுக்குக் காலக்கணக்கு உதவும். கொனோரியா என்றால் பெரும்பாலும் 2 முதல் 7 நாளில் கெட்டியான மஞ்சள் சீழோடு வரும். கிளமிடியா ஒன்று முதல் மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும், லேசான நீர், லேசான எரிச்சல், சிலருக்கு ஒன்றுமே தெரியாது.

அப்புறம், உறவுக்குச் சம்பந்தமே இல்லாதவை. சிறுநீர்ப்பை வாசலில் சிக்கிய சின்னக் கல் ஆணுறுப்பு நுனியில்தான் எரியும். கவனிக்காமல் விட்ட சர்க்கரை நோய் முன்தோலில் பூஞ்சையைக் கொண்டுவரும். இடுப்புத் தளத் தசை (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்குகிற தசை) இறுகிப்போனால் தொற்று எதுவும் இல்லாமலே மாதக்கணக்கில் எரியும், பயம் அதை இன்னும் இறுக்கும். இதைப் பற்றி யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப் பாதை டாக்டர்) பகுதியில் சொல்கிறேன், ஏனென்றால் டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ் வந்தும் எரிச்சல் போகாதவர்களில் பலர் இங்கேதான் வந்து நிற்கிறார்கள்.

## வழி 1: இரண்டு மூன்று நாள் பொறுப்பது

செலவு இல்லை, டெஸ்டையும் கெடுக்காது. தண்ணீர், மோர், இளநீர் குடிக்கலாம். சோப்பு, டெட்டால், நறுமண வைப்ஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரில் கழுவுவது, எரிச்சல் அடங்கும் வரை உறவும் சுய இன்பமும் வேண்டாம், அவ்வளவுதான். ஒத்துக்கொள்ளாமை என்றால் இதிலேயே குறைந்துவிடும்.

மறைந்திருக்கிற விலை ஒன்று உண்டு. சும்மா இருக்கிற மனசு கையைச் சும்மா விடாது. சீழ் வருகிறதா என்று மணிக்கு ஒரு தடவை பிதுக்கிப் பிதுக்கிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிதுக்கலே குழாயைப் புண்ணாக்கி நீர் கசிய வைக்கும், அதைப் பார்த்துப் பயம் இரட்டிப்பாகும். பொறுப்பது என்று முடிவு செய்தால் பிதுக்காமல் பொறுக்க வேண்டும்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா பக்கம் வலி, சிறுநீரில் ரத்தம், சிறுநீர் அடைப்பு, திடீர் விரை வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் பொறுக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் பொறுக்கக் கூடாது. திடீர் விரை வலி என்றால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அது மணிக்கணக்கில் முடிவாகிற அவசரம், ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

## வழி 2: மெடிக்கல் ஷாப்

மலிவு, பக்கத்திலேயே இருக்கிறது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கவர்ச்சி அதுதான். ஒப்பீட்டில் கடைசி இடமும் இதற்குத்தான்.

"நீர்க்கடுப்பு" என்று சொன்னால் கையில் வருவது பெரும்பாலும் நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் இவற்றில் ஒன்று. கொனோரியாக் கிருமி இந்தக் குடும்பத்து மருந்துக்கு இப்போது பெரும்பாலும் அடங்குவதே இல்லை. நம் ஊர் ஈ.கோலையிலும் கணிசமானது அடங்காது. தசைநார், நரம்பு பாதிப்பு வரலாம் என்பதால், வேறு மருந்து இருக்கும்போது சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு இவற்றைத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இலேயே எச்சரித்தது. இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது, இவை காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கும் என்பதுதான். சிறுநீர்ப் பாதையில் காசநோய் நம் நாட்டில் இருக்கிறது. சீழ் அணுக்கள் நிறைய, கல்ச்சரில் (சிறுநீரில் இருக்கிற கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்) ஒன்றும் வளரவில்லை என்ற மாதிரிதான் அது ரிப்போர்ட்டில் தெரியும். இடையிடையே இந்த மாத்திரைகளை விழுங்கினால் கண்டுபிடிப்பது இன்னும் தள்ளிப்போகும்.

சாம்பிள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வேளை ஆன்டிபயாடிக் போட்டுவிட்டுக் கல்ச்சர் கொடுக்க வருகிறவர்களுக்கு "வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் போகும். அவர்கள் தொற்று இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். மருந்து கிருமியை மயக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எந்த வழியில் போனாலும் மாத்திரைக்கு முன்னால் சாம்பிள், இந்த ஒரு வரிசையை மாற்றாதீர்கள்.

கூடவே ஒரு பிங்க் நிற சிரப் தருவார்களே, சிறுநீரின் அமிலத்தைக் குறைப்பது, அது எரிச்சலுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் டாக்டர் நைட்ரோஃபுரான்டாயின் எழுதியிருந்தால் இதைச் சேர்த்துக் குடிக்காதீர்கள். அந்த மாத்திரை அமிலத்தன்மை உள்ள சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும்.

மெடிக்கல் எப்போது சரி? டாக்டர் சீட்டோடு போகும்போது. "ரகசிய நோய்களுக்கு ஒரே வாரத்தில் தீர்வு" என்று நோட்டீஸ் ஒட்டுகிற லாட்ஜ் வைத்தியர்களைப் பற்றி எழுதக்கூட எனக்கு மனமில்லை, பயத்துக்கு விலை வைப்பதுதான் அங்கே நடக்கிற தொழில்.

## வழி 3: நேராக லேப்

இது இரண்டு வகை. தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

யூரின் ரொட்டீனும் கல்ச்சரும். செலவு சில நூறுகளில் முடியும். ரொட்டீனில் சீழ் அணு ஐந்துக்குள் இருந்தால் பொதுவாகச் சரி என்பார்கள். கல்ச்சர் முடிவுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று இரண்டையும் சொல்லும். சாம்பிள் கொடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். பெண்களின் ரிப்போர்ட்டில் எபிதீலியல் செல் நிறைய என்று இருந்தால் சாம்பிளில் தோல் பகுதி அழுக்கு கலந்திருக்கிறது என்று அர்த்தம், அந்த ரிப்போர்ட்டை வைத்து மருந்து சாப்பிட வேண்டாம், திரும்பக் கொடுங்கள்.

ஆனால் கல்ச்சரில் கிளமிடியா வளராது, கொனோரியாவும் சாதாரண யூரின் கல்ச்சரில் தெரியாது. "கல்ச்சர் நெகட்டிவ், அப்போ பால்வினை நோய் இல்லை" என்பது தப்பான முடிவு.

பிசிஆர் பேனல், அதாவது கிருமிகளின் மரபணுவைத் தேடுகிற டெஸ்ட். கிளமிடியா, கொனோரியா, மைக்கோப்ளாஸ்மா ஜெனிடாலியம், டிரைக்கோமோனாஸ், ஹெர்பிஸ் என்று ஒரே சாம்பிளில் பார்த்துவிடும். செலவு ஆயிரங்களில். ஆண்களுக்கு இதற்கு வேண்டிய சாம்பிள் நேர்மாறானது: ஒரு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமல் இருந்து, முதலில் வருகிற 20, 30 மில்லியைப் பிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சாம்பிள் எடுக்கிற பையன் ஒரே கப்பைக் கொடுத்து இரண்டுக்கும் சேர்த்துப் பிடித்துத் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பெண்களுக்கு உள்ளிருந்து எடுக்கிற ஸ்வாப்தான் நம்பகமானது. உறவு முடிந்து இரண்டு வாரம் ஆன பிறகு எடுத்தால் நெகட்டிவை நம்பலாம்.

இதில் மறைந்திருக்கிற செலவு ரிப்போர்ட் வந்த பிறகுதான் தொடங்கும். பேனலில் யூரியாப்ளாஸ்மா என்று ஒரு வரி இருக்கும். நோயே இல்லாத ஏராளமானவர்களின் உடம்பில் அது சும்மா இருக்கிற கிருமி. வழக்கமான பரிசோதனையில் அதைத் தேடவே வேண்டாம் என்று ஐரோப்பியப் பால்வினை நோய் நிபுணர் குழு 2018இல் சொன்னது. ஆனால் நம் ஆட்கள் சிவப்பில் "கண்டறியப்பட்டது" என்று பார்த்ததும் டாக்சிசைக்ளின், அது முடிந்ததும் அசித்ரோமைசின், அதுவும் போதாமல் லீவோஃப்ளாக்சசின் என்று மாதக்கணக்கில் சாப்பிட்டு வயிறு கெட்டு நிற்கிறார்கள். இன்னொன்று, உண்மையாகவே கிளமிடியா இருந்து மருந்து சாப்பிட்டு முடித்தாலும் செத்த கிருமியின் மிச்சம் சில வாரம் டெஸ்டில் பாசிட்டிவ் காட்டும். நாலு வாரத்துக்கு முன்னால் மறுபடி எடுத்துப் பயப்படாதீர்கள்.

படித்துச் சொல்ல ஒரு டாக்டர் தயாராக இருந்தால் பிசிஆர் நல்ல ஆயுதம். தனியாக எடுத்துத் தனியாகப் படிப்பதாக இருந்தால் பணத்தைச் சேமியுங்கள்.

## வழி 4: தோல் மற்றும் பால்வினை நோய் டாக்டர், அல்லது அரசு சுகவாழ்வு மையம்

நிறையப் பேருக்கு இந்தக் கதவு இருப்பதே தெரியாது. முகப்பருவுக்குப் பார்க்கிற அதே தோல் டாக்டர்தான் பால்வினை நோய்க்கும் படித்தவர். அது வசதியும்கூட, வெயிட்டிங் ஹாலில் தெரிந்தவர் யாராவது பார்த்தால் தேமல் என்று சொல்லிவிடலாம்.

அரசுப் பக்கம் மருத்துவக் கல்லூரி, மாவட்ட மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்குச் சுகவாழ்வு மையம், எச்ஐவி டெஸ்டுக்கு நம்பிக்கை மையம் என்று இருக்கிறது. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் 1986இல் கண்டறியப்பட்டது சென்னையில்தான். இந்த வேலையில் தமிழ்நாடு முன்னால் நிற்பதில் ஆச்சரியமில்லை. ஆலோசனையும் டெஸ்டும் மருந்தும் இலவசம். எச்ஐவி டெஸ்டை உங்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கவும் முடிவை வெளியே சொல்லவும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. 1097 இலவசத் தொலைபேசி எண், எங்கே போவது என்று கேட்கலாம்.

மையங்களில் அறிகுறியைப் பார்த்து நிறம் பிரித்த கிட் தருவார்கள். ஆணுக்குச் சீழ் வடிந்தால் சாம்பல் நிறக் கிட், அதில் அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் இருக்கும். சீழோடு போகிறவருக்கு அன்றைக்கே மருந்து கிடைக்கிறது, துணைக்கும் சேர்த்துத் தருவார்கள், இதைவிட வேகமான வழி தனியாரில்கூட இல்லை. "அந்த இரண்டு மாத்திரைதானே, மெடிக்கலில் வாங்கிக்கொள்கிறேன்" என்று கிளம்பாதீர்கள். செஃபிக்சிம் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத எச்1 பட்டியல் மருந்து, துணையைக் கவனிக்காமல் ஒருவர் மட்டும் சாப்பிட்டால் அடுத்த மாதம் திரும்பவும் வரும்.

குறை என்ன? காலை ஓபி நேரத்தில் வேலைக்கு லீவு போட வேண்டும். சீழ் எதுவும் இல்லாமல் வெறும் எரிச்சல், அதுவும் மாதக்கணக்கில் என்றால் கிட் முறை அவ்வளவாக உதவாது, அறிகுறி இல்லாத இடத்தில் அதற்குப் பிடிமானம் இல்லை. கிட்டை வாங்கிச் சாப்பிட்டும் இரண்டு வாரத்தில் மாறவில்லை என்றால் அடுத்த கதவைத் தட்டுங்கள்.

## வழி 5: யூராலஜிஸ்ட்

முதல் நாளே இங்கே ஓட வேண்டியதில்லை. கல், அடைப்பு, ரத்தம், அடிக்கடி திரும்பி வருகிற தொற்று, ஆணுக்குக் கல்ச்சரில் கிருமி வந்தது, மூன்று மாதம் தாண்டிய எரிச்சல், இவற்றுக்கு இவர்தான். ஸ்கேனில் கல்லும் தெரியும், சிறுநீர் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதும் தெரியும்.

எல்லாம் நெகட்டிவ் ஆனவர்களுக்கு இங்கே "ப்ராஸ்டடைட்டிஸ்" என்ற பெயர் கிடைக்கும். ப்ராஸ்டேட்டில் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி) கிருமி என்று எண்ணி ஆறு வாரம், எட்டு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிடுவார்கள். உண்மையில் நாள்பட்ட ப்ராஸ்டடைட்டிஸ் என்று சொல்லப்படுவதில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கிருமியே கிடையாது. இடுப்புத் தளத் தசை இறுக்கம், நரம்பு உணர்ச்சி கூடிப்போவது, பதற்றம், நாள் முழுக்க உட்கார்ந்த வேலை எல்லாம் கலந்த வலி அது. விந்து வெளியான பிறகு வலி, உட்கார்ந்தால் அதிகம், வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்தால் குறைவு, நிம்மதியான நாளில் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். டாம்சுலோசின் மாதிரி மாத்திரை சிலருக்கு உதவும், இடுப்புத் தளத்துக்கான பிசியோதெரபி இன்னும் பலருக்கு உதவும். அந்தப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் பெரிய ஊர்களில்தான் கிடைப்பார், அதுதான் சிக்கல். யூடியூப் பார்த்துக் கீகல் (இடுப்புத் தளத் தசையை இறுக்கிப் பழகுகிற பயிற்சி) செய்யாதீர்கள், ஏற்கெனவே இறுகின தசையை இன்னும் இறுக்கும்.

பெண்களுக்கு இந்த இடத்தில் பெரும்பாலும் மகளிர் மருத்துவர்தான் முதல் ஆள். ஒவ்வொரு உறவுக்குப் பிறகும் நீர்க்கடுப்பு வருகிறது என்றால் உறவுக்குப் பின் ஒரு வேளை மட்டும் மாத்திரை என்ற முறையும் இருக்கிறது, அதை அவரிடமே கேளுங்கள். அதற்கு முன் விந்தணுக் கொல்லி தடவாத ஆணுறைக்கு மாறுங்கள், உறவு முடிந்ததும் சிறுநீர் போய்விட்டு வாருங்கள், தண்ணீரைக் கூட்டுங்கள்.

## உங்கள் நிலைமைக்கு எது?

| நிலைமை | முதலில் போக வேண்டிய இடம் | செய்யக் கூடாதது |
|---|---|---|
| மறுநாள் எரிச்சல், சிவப்பு, சீழ் இல்லை | மூன்று நாள் பொறுப்பது | டெட்டால், பிதுக்கல் |
| 2 முதல் 7 நாளில் மஞ்சள் சீழ் | சுகவாழ்வு மையம், தோல் டாக்டர் | மெடிக்கல் மாத்திரை, துணையிடம் மறைப்பது |
| பெண், நீர்க்கடுப்பு, அடிக்கடி சிறுநீர் | கல்ச்சர் கொடுத்துவிட்டு டாக்டர் | கொடுப்பதற்கு முன் மாத்திரை |
| இரண்டு வாரம் தாண்டியும் லேசான எரிச்சல் | தோல் டாக்டர், அவர் சொன்னால் பிசிஆர் | தனியாகப் பெரிய பேனல் |
| மூன்று மாதம், எல்லாம் நெகட்டிவ் | யூராலஜிஸ்ட் | நாலாவது ஆன்டிபயாடிக் |
| எரிச்சல் குறைந்தது, பயம் குறையவில்லை | 45 நாளில் எச்ஐவி டெஸ்ட், நம்பிக்கை மைய ஆலோசகர் | வாரம் ஒரு டெஸ்ட் |

டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் வாய் அடைத்துப்போய் "சூடு பிடிச்சிருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் அதிகம், அப்போது அவரும் சூட்டுக்குத்தான் மருந்து எழுதுவார். சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள்: உறவு எந்தத் தேதி, ஆணுறை முழு நேரமும் இருந்ததா, வாய்வழி உறவு உண்டா, எரிச்சல் எப்போது தொடங்கியது, சீழ் உண்டா இல்லையா, சர்க்கரை இருக்கிறதா, கடைசியாக எந்த ஆன்டிபயாடிக்கை என்றைக்குச் சாப்பிட்டேன். மாத்திரை பெயர் மறந்துபோயிருந்தால் காலி அட்டையையே எடுத்துப் போங்கள்.